எதிரியின் படை கண்ணுக்குத் தெரியலாமா?

நெப்போலியன் காலப் போர் வியூக விளையாட்டுகளில், எதிரியின் படை எங்கே, எவ்வளவு என்பதை மறைக்க வேண்டுமா? “சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் தெரிகின்றனவே, இங்கு மட்டும் ஏன் ஒளிவுமறைவு?” என்று சிலர் கேட்பதுண்டு.

1806 அக்டோபர் 14ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் ஜெனாவில், பிரஷ்யாவின் முதன்மைப் படையோடு மோதுவதாகவே நெப்போலியன் நம்பினார். அதுவோ வடக்கே அவர்ஸ்டட்டில் இருந்தது. அங்கே தளபதி டாவூ சுமார் 27,000 வீரர்களோடு, ஏறக்குறைய இரு மடங்கு படையை எதிர்த்து வென்றார். எல்லாம் கண்ணுக்குத் தெரியும் விளையாட்டில் இப்படியொரு நாள் வரவே வராது.

பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் இதை உணர்ந்திருந்தார். 1824இல் அவர் வெளியிட்ட போர் விளையாட்டில் நடுவர் ஒருவர் உண்டு. ஒவ்வொரு தரப்புக்கும் அதன் வீரர்கள் கண்டதை மட்டுமே அவர் தெரிவிப்பார். இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது.

ஆனாலும், மறைத்தால் மட்டும் போதாது. அறியும் வழியும் வேண்டும். அக்காலத்தில் வேவு பார்த்தது குதிரைப்படை. அதை வேவுக்கு அனுப்பினால் போர்க்களத்தில் பலம் குறையும். செய்தியும் தாமதமாகவே வந்து சேரும். இந்தக் கணக்கு இல்லாவிட்டால் விளையாட்டு வெறும் குலுக்கல் சீட்டாகிவிடும்.

விதிகளைப் பழகும்வரை புதியவர்கள் எல்லாவற்றையும் பார்த்தே ஆடட்டும். பழகியபின் திரை விழட்டும். தெரியாததை வைத்து முடிவெடுப்பதுதானே தளபதியின் வேலை!