ஆண்டுப் பாடம் ஆறே மாதத்தில்

ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை ஒரு சிறுமி ஆறே மாதத்தில் முடித்துவிடுகிறாள். தாய் எல்லாப் பயிற்சிகளையும் திருத்திப் பார்க்கிறாள். பிழைகள் மிகச் சில. பள்ளிக்கூடமாயின் இதனால் எவருக்கும் தொல்லை இல்லை. மற்றப் பிள்ளைகள் வந்துசேரும் வரை அவள் தன் இடத்தில் அமர்ந்து சன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால், வீட்டையே பள்ளியாக்கிக்கொண்ட குடும்பத்தில் அன்று மாலையே கேள்வி எழுந்துவிடும்: நாளைக் காலை எந்தப் புத்தகத்தைத் திறப்பது?

புதுச்சேரியிலிருந்து வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், காலாப்பட்டைக் கடந்து சென்றால் கனகசெட்டிக்குளம் வரும். அதற்கு அப்பால் தமிழ்நாடு. அங்கே இத்தகைய குடும்பம் ஒன்று வாழ்வதாக வைத்துக்கொள்வோம். தந்தையின் வேலை காரணமாக அடிக்கடி ஊர் மாற நேர்ந்திருக்கலாம்; பிள்ளையின் உடல்நிலை பள்ளிக்கு இடந்தராமல் இருந்திருக்கலாம்; அல்லது பெற்றோர் மனமாரத் தேர்ந்துகொண்ட வழியாகவே இருக்கலாம். காரணம் எதுவாயினும், பாடத்தின் வேகத்தை நிர்ணயிக்கும் பொறுப்பு இப்போது தாய் தந்தையரின் கையில் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மாலையில் வீட்டுப் பாடத்தை மேற்பார்க்கும் பெற்றோர்க்கும், சிறிய அளவில், இதே பொறுப்பு உண்டு.

உடனே தோன்றும் விடைகள் இரண்டு. ஆண்டு முடியும் வரை பழைய பாடத்தையே திரும்பச் செய்யச் சொல்வது ஒன்று. மறுநாளே ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடங்கிவிடுவது மற்றொன்று. முதலாவதை எவ்வகையிலும் ஆதரிப்பதற்கில்லை. விரைந்து முடித்தவளுக்கு அதே கணக்குகளை மீண்டும் கொடுப்பது உழைப்புக்குத் தண்டனை விதிப்பதாகும். அடுத்த முறை அவள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வாள். அதுவும் ஒரு வகைப் புத்திசாலித்தனமே! இரண்டாவது விடைதான் நல்ல பெற்றோரையும் மயக்குவது. "உங்கள் மகள் எந்த வகுப்பு?" என்று உறவினர் கேட்கும்போது, வயதுக்கு மிஞ்சிய ஓர் எண்ணைச் சொல்வதில் நமக்கு ஓர் இனிமை இருக்கத்தான் செய்கிறது. அந்த இனிமை நம்முடையது, பிள்ளையுடையதன்று என்பதைப் பிரித்தறிவது எளிதன்று.

முதலில் செய்யவேண்டியது, முடிந்தது புத்தகமா பாடமா என்று அறிவது. எர்மன் எபிங்கவுசு என்ற செர்மானிய அறிஞர் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு மறதியின் போக்கை ஆராய்ந்து 1885இல் நூலாக வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே விரைவாக நழுவுகிறது, எஞ்சியது மெதுவாகத் தேய்கிறது என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே, புத்தகம் முடிந்த அன்று வைக்கும் தேர்வைக்கொண்டு ஒன்றும் தீர்மானிக்க இயலாது. மூன்று வாரம் அந்தப் பாடத்தைப் பேசாமல் விட்டுவிட்டு, பிறகு முன்னறிவிப்பின்றிச் சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கேள்விகள் புத்தகத்தின் சாயலில் இருத்தல் ஆகாது. பின்னங்களைப் பிழையின்றிக் கூட்டும் சிறுமி, எட்டில் மூன்று பெரிதா, மூன்றில் ஒன்று பெரிதா என்று கேட்டால் திகைக்கக்கூடும். ஒன்றரைக் கிலோ மீனை மூன்று வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு எவ்வளவு, எடைக்கல் இருநூற்றைம்பது கிராம் ஒன்றுதான் இருந்தால் எப்படி நிறுப்பது என்று அவள் தன் பாட்டிக்கு விளங்கும்படி சொல்லட்டும். சொல்ல முடிந்தால் பாடமும் முடிந்தது. முடியாவிட்டால் அந்த ஓர் அதிகாரத்துக்கு மட்டும், வேறு கணக்குகளோடு, திரும்பிச் செல்லவேண்டும்.

பாடம் உண்மையாகவே கைவந்துவிட்டது என்றே கொள்வோம். அப்போதும், "ஐந்தாம் வகுப்பு முடிந்தது" என்று சொல்லுவது பெரும்பாலும் பொருந்தாது. முடிந்தது கணக்கு மட்டுமே. கணக்கில் ஏழாம் வகுப்புக்குத் தகுதியான பிள்ளை, தமிழில் ஒரு கடிதம் எழுதும்போது நான்காம் வகுப்பில் நிற்பதுண்டு. கையெழுத்தோ இன்னும் கீழே. பள்ளிக்கூடம் ஒரு பிள்ளையை ஒரே வகுப்பில்தான் உட்காரவைக்க முடியும். வீட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கணக்கில் முன்னே செல்லட்டும். தமிழில் அதன் இடத்தில் நிற்கட்டும். வீட்டுக் கல்வியின் முதன்மையான நன்மையே இதுதான் என்று நான் கருதுகிறேன். எல்லாப் பாடங்களையும் சேர்த்து ஒரே படியில் தூக்கிவைக்கும் பெற்றோர் அந்த நன்மையைத் தாமே கைவிடுகின்றனர்.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு இடந்தராத ஏற்பாடு என்ன செய்யும் என்பதற்குக் கணித மேதை இராமானுசனின் இளமையே சான்று. 1887இல் பிறந்த அவர், கும்பகோணத்தில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே லோனி எழுதிய திரிகோணமிதி நூலைத் தாமாகக் கற்றுத் தேர்ந்தார். 1903இல் கார் என்பவரின் கணிதச் சுருக்க நூல் அவர் கைக்கு வந்தது. அதில் சுமார் ஐயாயிரம் முடிவுகள் வரிசையாக இருந்தன. நிறுவல்களோ மிகக் குறைவு. ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்கவேண்டியிருந்தது. 1904இல் பரிசும் உதவித்தொகையும் பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகை போயிற்று. பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை. கணிதத்தில் ஆசிரியர்களையே விஞ்சியவர், மற்றப் பாடங்களில் பின்தங்கியதால் கல்லூரிப் படிப்பையே இழந்தார்.

இவ்வரலாற்றைச் சொல்லி, "பிள்ளையின் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள்" என்று முடிப்பவர் உண்டு. நான் வேறொன்றைக் கவனிக்கிறேன். அவர் கையில் அடுத்த வகுப்பின் புத்தகத்தை யாரும் திணிக்கவில்லை. விடையை மட்டும் காட்டி வழியை மறைத்துவைத்த ஒரு நூல் அவருக்குக் கிடைத்தது. அதைக்கொண்டு அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் இராமானுசன்கள் அல்லர். எனினும், வேகமாகப் படிக்கும் பிள்ளைக்கு எளிய புத்தகங்கள் பத்தைக்காட்டிலும் எளிதில் முடியாத ஒன்று மேல் என்பது சாதாரணப் பிள்ளைக்கும் பொருந்தும்.

புதுச்சேரி வாசகர்களுக்குத் தொலைவில் தேடவேண்டிய அவசியமும் இல்லை. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துப் பள்ளி 1943 டிசம்பர் 2 அன்று தொடங்கப்பெற்றது. மாணவர் தத்தம் வேகத்தில் முன்னேறும் முறை அங்கே வளர்ந்தது. பட்டமோ சான்றிதழோ அந்நிறுவனம் வழங்குவதில்லை. அதன் ஆன்மிகக் கொள்கை நம்முடையதன்று. ஆயினும், வேகத்தைப் பிள்ளைக்கே விட்டவர்கள் சான்றிதழையும் கைவிட்டார்கள் என்ற அந்த நேர்மை சிந்திக்கத்தக்கது. சான்றிதழும் வேண்டும், சொந்த வேகமும் வேண்டும் என்போர் வேறு கணக்கைப் போட்டாகவேண்டும்.

அக்கணக்கு வயதைப் பற்றியது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு உரியது. பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பிலேயே அமர்த்தச் சொல்கிறது. ஆகவே, வீட்டில் ஏழாம் வகுப்பை முடித்த ஒன்பது வயதுச் சிறுமியை நாளை பள்ளிக்கு அழைத்துச் சென்றால், எட்டாம் வகுப்புக் கதவு திறக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. வீட்டில் கற்றோர் பலர் நாடும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில், மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வி நிலைகள் உள்ளன. அதற்கு மேல் பத்தாம் வகுப்புக்கு நிகரான படிப்பில் சேரப் பதினான்கு வயதும், மேல்நிலைக்குப் பதினைந்து வயதும் நிறைந்திருத்தல் வேண்டும். ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டுக் காலத்துக்குள் பாடம் பாடமாகத் தேர்வு எழுதி முடிக்கலாம் என்பது அங்குள்ள வசதி. மருத்துவக் கல்விக்கான நீட் தேர்வோ, சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31க்குள் பதினேழு வயது நிறைபவரையே ஏற்கிறது.

பன்னிரண்டு வயதில் பத்தாம் வகுப்புப் பாடத்தை முடித்த பிள்ளை, ஆகவே, பூட்டிய கதவின் முன் இரண்டாண்டு நிற்கவேண்டும். அந்த இரண்டாண்டில் படித்ததும் மறக்கும். ஓடிய ஓட்டத்தின் களைப்பு மட்டும் மிஞ்சும்.

வயதே எப்போதும் அளவுகோலாகவேண்டும் என்று நான் வாதிக்கவில்லை. நம் திருச்சபையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. முதல் நற்கருணைக்குப் பத்து, பன்னிரண்டு, ஏன் பதினான்கு வயது வரையும் பிள்ளைகளைக் காத்திருக்கவைத்த வழக்கத்தைத் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910 ஆகஸ்டில் வெளிவந்த ஆணையால் நீக்கினார். புத்தி தெளியும் பருவம், ஏறக்குறைய ஏழாம் வயது, போதுமென்றார். அந்தப் பருவம் வந்த பிள்ளையைத் தடுத்துவைப்பது தவறு என்பதே அதன் கருத்து. தேர்வுக் கதவுகளின் செய்தி வேறு: அவை தகுதியைக் கேட்பதில்லை, பிறந்த தேதியைக் கேட்கின்றன. அதை அறிந்தே வழி வகுக்கவேண்டும்.

அப்படியானால், மிஞ்சிய அந்த ஆறு மாதம்? அது பிள்ளை சம்பாதித்த காலம். அதில் ஒரு பகுதி விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் போகட்டும், தயங்கவேண்டாம். எஞ்சியதை அகலத்தில் செலவிடலாம். கனகசெட்டிக்குளத்துப் பிள்ளைக்கு அதற்கான பொருள் வாசலிலேயே கிடக்கிறது. எல்லைச் சோதனைச் சாவடியில் இருந்து தொடங்கலாம். சாலை ஒன்றுதான், மொழி ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். இங்கே ஓர் எல்லை எப்படி வந்தது? பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் முதல் நாள் நடைமுறையில் கைமாறியதும், சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டில்தான் நிறைவேறியதும், காரைக்காலும் மாகியும் ஏனாமும் தொலைவில் இருந்தும் ஒரே ஆட்சிப் பகுதியானதும், ஐந்தாம் வகுப்பு வரலாற்றில் ஒரு வரியில் அடங்கிவிடும். வரைபடத் தாளில் அந்த எல்லையை ஊர் ஊராகக் கோடிழுத்துப் பார்த்தால் ஒரு மாதம் போதாது. தாத்தா பாட்டி எவரேனும் அக்காலத்தைக் கண்டவராயின் அவரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நான்காம் வகுப்பில் நின்ற தமிழ்க் கட்டுரை அங்கே தானாக வளரும்.

கணக்கை விரும்பும் பிள்ளைக்குக் கடற்கரை இருக்கிறது. முழுநிலவு கடலுக்கு மேல் எழும் நேரத்தைக் குறித்து, அடுத்தடுத்த நாள்களிலும் குறிக்கட்டும். நிலவு நாள்தோறும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதிப்பது தெரியவரும். ஆனால் சரியாக ஐம்பது அன்று. சராசரி என்பது என்ன, ஏன் தேவை என்பதை எந்தப் பயிற்சிப் பக்கமும் இவ்வளவு தெளிவாகக் கற்பிக்காது. மேகம் மறைத்த நாளின் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். அதை ஊகத்தால் நிரப்பாமல் விடுவதும் ஒரு பாடம்.

இளையவர்க்குக் கற்பிக்கச் சொல்வது மற்றொரு பழைய வழி. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்தது அதைத்தான். சென்னை எழும்பூரில் 1789இல் ஏற்பட்ட ஆண்பிள்ளைகள் அநாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலிக்கக் குரு, நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே சிறியோர்க்கு எழுத்துக் கற்பித்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலால் அது "மதராசு முறை" என்று உலகெங்கும் பரவிற்று. கற்பிப்பவன் இருமுறை கற்கிறான் என்பது மெய்யே. ஆனால் மூத்த மகளைத் தம்பியின் சம்பளமில்லா ஆசிரியையாக்கிவிட்டு நாம் ஓய்வெடுத்துக்கொள்ளல் ஆகாது. வாரத்தில் இரண்டு முறை, அரை மணி நேரம் போதும்.

"எல்லாம் முடித்தாயிற்று" என்ற நிலையைப் பற்றிப் பேசும்போது டாக்டர் உ.வே.சாமிநாதையர் நினைவு வராமல் இராது. அவர் வகுப்பறையில் பயின்றவர் அல்லர். மாயூரத்தில் 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்து, ஒரு நூல் முடிந்ததும் அடுத்ததாக, ஆசிரியர் 1876இல் மறையும் வரை கற்றார். சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவரும் அங்கே அவரோடு இருந்த மாணவர். நம் வேதநாயகம் பிள்ளை அந்த ஆசிரியரின் நெருங்கிய நண்பர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று கற்ற நூல்களின் பட்டியல் நீண்டது. 1880இல் இருபத்தைந்தாம் வயதில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். (அவர் 1903இல் சென்னைக்கு மாற்றலாகிச் சென்ற மறு ஆண்டில்தான் இராமானுசன் அங்கே மாணவராகச் சேர்ந்தார்.)

அந்த 1880ஆம் ஆண்டு அக்டோபரில், சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீபு அவரை, என்னென்ன கற்றீர் என்று கேட்டார். ஐயர் வரிசையாகச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. சீவகசிந்தாமணியும் மணிமேகலையும் சிலப்பதிகாரமும் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. பின்னர்ச் சிந்தாமணி அவர் கைக்கு வந்தபோது, அத்தனை நூல்களைக் கற்ற அவருக்கே பல இடங்கள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சைனர் வீடுகளைத் தேடிச் சென்று, அவர்தம் சமய வழக்குகளைக் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். அந்த நூலை அவர் அச்சிட்டு வெளியிட்டது 1887இல்.