சத்தம் பெல்ட்டிலா, புல்லியிலா?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலக் காலை ஒரு சோதனை. சாவியைத் திருப்பியதும் பானட்டுக்குள்ளிருந்து ‘கீச்’சென்று ஓர் அலறல்; தெருவே திரும்பிப் பார்க்கும். சற்று நேரத்தில் அடங்கிவிடும். அதுதான் அடங்கிவிட்டதே என்று மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுவார்கள். ஒருவழியாகப் பட்டறைக்குப் போய், “ஃபேன் பெல்ட்டை மாத்திடுங்கண்ணே” என்பார்கள். பெல்ட் மாறும். சில வாரங்களில் சத்தம் திரும்ப வரும். பெல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு, அதைத் தாங்கிச் சுற்றும் ஐட்லர் புல்லியை விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

சான்ட்ரோவையே எடுத்துக்கொள்வோம். 1998-ல் அறிமுகமாகி, 2014 வரை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான வண்டி. இன்றும் நம் ஊர்களில் ஏராளமாக ஓடுகிறது. இன்ஜின் முனையில் சுழலும் கிராங்க் புல்லியிலிருந்து ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏ.சி. கம்ப்ரஸர், பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதன் பம்ப் எல்லாவற்றுக்கும் பெல்ட் வழியாகத்தான் சுழற்சி போகிறது. ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்தால் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரியும். பேட்டரிதானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதில்தான் ஆபத்து. அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. ரேடியேட்டர் ஃபேன் மோட்டாரில் ஓடுவதால் அது பாட்டுக்குச் சுற்றும். உள்ளே கூலன்ட் நகராது. சில கிலோமீட்டர் போனாலே ஹெட் கேஸ்கெட் போய்விடும், அலுமினிய ஹெட் வளைந்துவிடும். சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். வேறு வழியே கிடையாது.

வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் பெல்ட்டின் ஆயுளை அந்தக் காலத்தில் கணித்தார்கள். நியோப்ரீன் ரப்பருக்கு அது சரி. இப்போது வரும் ஈ.பி.டி.எம். ரப்பர் பெல்ட்டுகள் சீக்கிரம் வெடிப்பதில்லை; டயர் தேய்வதுபோல வரிகளுக்கு நடுவே தேய்ந்துகொண்டே போகும். பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், ஆனால் புல்லியைப் பிடிக்காது. கண்ணை நம்பாமல், வரியின் பள்ளத்தை அளக்கும் சின்ன பிளாஸ்டிக் கேஜை வைத்துப் பார்ப்பதே சரி.

சத்தத்தின் மூலத்தைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. இன்ஜின் ஓடும்போது, கையும் துணியும் தள்ளி இருக்கட்டும், பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தொய்ந்து வழுக்குகிறது. நின்றுபோய் மறுபடி வந்தால் ஏதோ ஒரு புல்லி கோணலாக நிற்கிறது. தண்ணீரை மதிக்காமல் ‘கரகர’வென்று தொடர்ந்தால் சந்தேகம் பேரிங்கின் மேல்.

உறுதி செய்ய இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். நல்ல மெக்கானிக் செய்வதைக் கவனியுங்கள்: ஐட்லரை ஒற்றை விரலால் சுண்டிவிட்டு, காதை அருகே கொண்டுபோவார். உள்ளே கிரீஸ் இருக்கிற பேரிங் சத்தமில்லாமல் கொஞ்சம் சுற்றி, கனமாக நின்றுவிடும். காய்ந்த பேரிங்தான் நிற்காமல் சரசரவென்று சுற்றும். நன்றாகச் சுற்றுகிறதே என்று அதைத்தான் பலர் திரும்ப மாட்டுகிறார்கள்! பிறகு புல்லியின் விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் அசைப்பார். துளி ஆட்டம் இருந்தாலும் அது கழிவுதான்.

இரும்புப் புல்லி என்றால் பேரிங்கை மட்டும் பிரஸ்ஸில் தள்ளி மாற்றலாம். பல வண்டிகளில் அது எங்கும் கிடைக்கிற 6203-தான். பேரிங்கோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் புல்லி என்றால் முழுசாக மாற்றுவதே நல்லது. சில வண்டிகளில் ஐட்லர் போல்ட் லெஃப்ட் த்ரெட்டாக இருக்கும். கழலவில்லை என்று பலம் காட்டினால் தலை முறிந்துவிடும். வால்வு கவரிலிருந்து ஆயில் கசிந்து பெல்ட்டில் சொட்டினால் முதலில் அதை அடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் புது ரப்பரும் ஊறிப் பாழாகும். சத்தம் வராமலிருக்கப் பெல்ட்டில் அடிக்கும் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். அது நோயை மறைக்கிறது.

பெல்ட்டின் முதுகில் 6பிகே1200 என்பதுபோல அச்சிட்டிருக்கும்: 6 வரி, 1200 மில்லிமீட்டர் நீளம். அந்த எண்ணைச் சொல்லியே வாங்குங்கள். மதுரை கோச்சடையில் ஃபென்னர் ஆலை பெல்ட் தயாரிக்கிற மாநிலத்தில், பெயர் தெரியாத மலிவுச் சரக்கை வாங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

மாட்டும்போது முறுக்கிக்கொண்டே போகக் கூடாது. அளவுக்கு மீறி இறுக்கினால் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்பும் சீக்கிரம் போகும். எவ்வளவு தொய்வு என்பது வண்டியின் மேனுவலில் இருக்கும். ஸ்பிரிங் டென்ஷனர் இல்லாத வண்டியில் புது பெல்ட் ஓடி ஓடிக் கொஞ்சம் தளரும், சில நாள் கழித்து மறுபடி பார்த்து இறுக்கச் சொல்லுங்கள். அறுபடாத பழைய பெல்ட்டை எறியாமல் டிக்கியில் போட்டு வையுங்கள். ராத்திரி நேரத்தில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் புதுசு அறுந்தால், அடுத்த ஊர்வரை போய்ச்சேர அது போதும்.