கல்லறிந்து கிணறு வெட்டுவோம்: நாயுடன் ஒரு நாள் நடை

1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, பின்னர் வன்னிக்கு வந்து சேர்ந்த விவசாயக் குடும்பங்கள் பல, இங்கே கிணறு வெட்டத் தொடங்கியபோது திகைத்துப் போயின. ஊரில் கல்லுடைத்து இறங்கினால் தண்ணீர் கிடைக்கும். இங்கேயோ மண் முடிந்ததும் கருங்கல், அதற்குக் கீழே வரட்சி. காணி கிடைத்தும் தண்ணீர் கிடைக்காத குடும்பத்துக்கு அது இரண்டாவது இடப்பெயர்வு போலத்தான்.

காரணம் காலுக்குக் கீழேயுள்ள கல். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. ஒன்றிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகிய கல் அது. வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதி ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கருங்கற் பாறை. இரண்டுக்கும் இடையிலான எல்லை, புத்தளக் கரையிலிருந்து முருங்கன் பக்கமாக வடகிழக்கே ஏறி, ஏறத்தாழ முல்லைத்தீவுக் கரைவரை போகிறது. முழங்காவில், பூநகரிப் பக்கங்களில் செம்மண்ணுக்கும் மணலுக்கும் கீழே சுண்ணாம்புக்கல் உண்டு. வவுனியாவிலும் நெடுங்கேணியிலும் அதைத் தேடிப் பயனில்லை. எல்லை கோடு கீறினாற்போல் நேரானதல்ல. ஆகவே உங்கள் காணி எந்தப் பக்கம் என்பதை நீங்களே நடந்து பார்க்க வேண்டும்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது சிறிது அமிலத் தன்மை பெறுகிறது. அது சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, வெடிப்பைப் பொந்தாக்கி, பொந்தைக் குகையாக்குகிறது. அதனால் நீர் மேலே ஓடாமல் கீழே போய்விடுகிறது. குடாநாட்டில் மாரியில் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை; ஆனால் கீரிமலையில் கடலோரத்திலேயே நன்னீர் ஊறுகிறது. இங்கிலாந்தின் யோக்‌ஷயர் சுண்ணாம்புக்கல் மலைகளிலும் இதே கதைதான். அங்கே நாயுடன் மலை ஏறுகிறவர்கள் நாய்க்கும் சேர்த்துத் தண்ணீர் சுமக்கிறார்கள். ஓடிவரும் அருவி, சுண்ணாம்புக்கல்லைத் தொட்டதும் குழிக்குள் விழுந்து மறைந்துவிடும்.

கருங்கல் அப்படிக் கரையாது. மேலே உக்கிய பாறைப் படையிலும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். மழைநீரை மேலேயே மறித்து வைக்க வேண்டியிருந்ததனால்தான் எமது முன்னோர் வன்னியில் குளம் கட்டினார்கள். குளக்கட்டுக்குக் கீழேயுள்ள காணியில் கிணறு வற்றாதிருப்பதன் இரகசியமும் குளத்துக் கசிவுதான். கருங்கல் நிலத்தில் ஆழத்தைவிட அகலமே முக்கியம். அகன்ற கிணற்றில் இரவில் ஊறிய நீர் பகலில் இறைக்கக் கிடைக்கும்.

இனி நடைக்கு வருவோம். ஆவணி, புரட்டாதி மாதங்களில், நீர் மிகக் குறைந்த காலத்தில் போவதே நல்லது. விடியற்காலையில் இருவராகப் புறப்படுங்கள். மண்வெட்டி, ஒரு சிறு போத்தல் வினாகிரி, குடிதண்ணீர் இவற்றோடு வீட்டு நாயையும் கூட்டிச் செல்லலாம். தோபித்து நூலின் ஆறாம் அதிகாரத்தில் தோபியாவோடு வழிநடந்ததும் ஒரு நாய்தானே. பாம்பையும் பற்றைக்குள் கிடக்கும் கரடியையும் எமக்கு முன்னரே அது அறியும்.

ஆனால் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். இதை நாம் அழுத்திச் சொல்கிறோம். யானையையோ கரடியையோ கண்டு குரைத்த நாய், துரத்தப்பட்டதும் எசமானிடமே ஓடிவரும். பின்னால் அந்த மிருகமும் வரும். இன்னொன்று இதைவிடப் பெரியது. நாய் ஓடிப்போய்த் திரும்பிய வழி மிதிவெடி இல்லாத வழி என்று எண்ணாதீர்கள். நாயின் பாரமும் மனிதரின் பாரமும் ஒன்றல்ல. மிதிவெடி மணந்து கண்டுபிடிக்கும் நாய்கள் மாதக்கணக்காகப் பழக்கப்பட்டவை. அவையும் அடையாளமிட்ட கோட்டுக்குள், பயிற்சி பெற்றவரோடு மட்டுமே வேலை செய்கின்றன. உங்கள் காணி துப்புரவாக்கப்பட்டது என்ற உறுதியைக் கிராம அலுவலரிடம் கேட்டறிந்த பின்னரே, ஆட்கள் பாவிக்கும் பாதையால் போங்கள். மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் வந்த அடியிலேயே திரும்புங்கள். வெட்டும் இடத்திலும் இரும்புப் பொருள் எதுவும் தென்பட்டால் மண்வெட்டியை வைத்துவிடுங்கள்.

வழியில் கல் கண்ட இடத்தில் அதைச் சுரண்டித் தூளாக்கி, இரண்டு துளி வினாகிரி விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. தேசிக்காய்ப் புளியும் உதவும், நுரை சற்றுக் குறைவாயிருக்கும். களிமண்ணுக்குள் கிடக்கும் சிறு வெள்ளை உருண்டைகளும் நுரைக்கும்; அவை கருங்கல் நிலத்திலும் உண்டு. அவற்றைக் கண்டு ஏமாறாமல், படையாகக் கிடக்கும் கல்லையே சோதியுங்கள். பக்கத்துக் கிணறுகளில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மருதமரம் நிற்கும் தாழ்வான இடத்தைக் குறித்து வையுங்கள்.

சுண்ணாம்புக்கல் என்று தெரிந்துவிட்டால் மகிழ்ச்சியோடு ஒரு பயமும் வர வேண்டும். கடலோரத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடியை இறைத்துக் குறைத்தால், கீழே உவர் அத்தனை அடி ஏறிவரும். புத்தூர் நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்தான். பெரிய நீர்ப்பம்பியை நாள் முழுதும் ஓடவிடுகிற பழக்கம் ஆகாது. மேலும் கல்லிலுள்ள பொந்து தண்ணீரை மட்டும் கொண்டு போவதில்லை. மலசலகூடக் குழி நீரும் யூரியாவும் அதே வழியால் கிணற்றுக்கு வரும். குழியைக் கிணற்றிலிருந்து எட்டவே வையுங்கள்.

கருங்கல் நிலத்தில் வேறு தொல்லை. சில இடங்களில் நீரில் புளோரைட்டு மிகுதி. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படிவது அதன் அடையாளம். வவுனியா உட்பட வரண்ட வலயத்தில் சிறுநீரக நோயும் கமக்காரரை வாட்டுகிறது. காரணம் இதுதான் என்று ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமனதாகச் சொல்லவில்லை. குடிநீர்மீது சந்தேகம் வலுவாக உண்டு. நீர் தெளிவாயிருப்பதைக் கண்டு நம்பிவிடாமல், புதுக்கிணற்று நீரைக் குடிக்கத் தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகி, எந்தப் போத்தலில் எடுக்க வேண்டும், எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும் என்று கேட்டுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.