சம்பளப் பட்டியலைத் திருத்தும் நேரம்

இந்தியாவின் 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி, 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஊதியத் தொகுப்பு 2019இலும், தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் 2020இலும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியவை. ஐந்தாறு ஆண்டுகள் காகிதத்திலேயே கிடந்ததால், வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்ட முதலாளிகள் பலர். பனியன் கம்பெனி, ஜவுளிக்கடை, தனியார் பள்ளி, மருத்துவமனை என எதை நடத்துபவரானாலும் இனி தள்ளிப்போட முடியாது.

முதலில் கைவைக்க வேண்டியது சம்பளப் பட்டியலில். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, மீதியை வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று பிரித்துப் போடுவது இங்கே நெடுநாள் வழக்கம். பி.எஃப்., கிராஜுவிட்டி போன்றவை அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் வைத்தே கணக்கிடப்பட்டதால், படிகள் பெருகப் பெருக முதலாளியின் பொறுப்பு குறைந்தது. படிகளைச் சேர்க்காமல் பி.எஃப். பிடிப்பதை 2019 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. எல்லா ஊழியர்க்கும் பொதுவாகத் தரப்படும் படி, அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்ததே என்றது அந்தத் தீர்ப்பு.

இப்போது சட்டமே ஒரு வரம்பு கட்டிவிட்டது. சம்பளக் கணக்கில் சேராத படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் சம்பளமாகவே கொள்ளப்படும். மாதம் 30,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 9,000, படிகள் 21,000 என்று வைத்துக்கொள்வோம். பாதி என்பது 15,000. அதற்கு மேல் உள்ள 6,000 ரூபாய் அடிப்படையோடு சேர, சட்டத்தின் கண்ணில் அவர் சம்பளம் 15,000 ஆகிறது. ஐந்து வருடம் வேலை பார்த்து அவர் விலகினால், முன்பு சுமார் 25,960 ரூபாயாக இருந்திருக்கும் கிராஜுவிட்டி இனி சுமார் 43,270 ரூபாய். செலவு கூடுகிறது என்று முதலாளிகள் வருந்துவது புரிகிறது. ஆனால் இந்தத் தொகை தொழிலாளிக்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டியது. அதைச் சலுகை என்று யாரும் சொல்லக் கூடாது.

குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் நேரடியாக வேலைக்கு எடுக்கப்படுபவருக்கு ஐந்து வருடக் காத்திருப்பும் இல்லை. ஒரு வருடம் முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு என்கிறது தொழிலாளர் அமைச்சகம். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஆளை நிறுத்தி மறுபடி சேர்க்கும் பழக்கம் உள்ளவர்கள் வழக்கறிஞரைக் கலந்தாலோசித்து அதை விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது செட்டில்மென்ட். ஊழியர் தானாக விலகினாலும், நிறுவனம் நீக்கினாலும், பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஹெச்.ஆர். கையெழுத்து, அக்கவுண்ட்ஸ் ஒப்புதல், லேப்டாப் ஒப்படைப்பு என்று ஒன்றரை மாதம் அலையவிடும் நிறுவனங்கள் தங்கள் உள்நடைமுறையை அடியோடு மாற்றியாக வேண்டும். கிராஜுவிட்டிக்கு மட்டும் 30 நாள் அவகாசம் தொடர்கிறது.

நியமனக் கடிதமும் கட்டாயம். பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின்படி, ஏற்கெனவே வேலையில் இருந்து கடிதம் வாங்காதவர்களுக்கும், தொகுப்பு அமலான மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் ஆள் சேர்க்கும் சிறு பட்டறைக்காரருக்கு இது வீண் வேலையாகத் தோன்றலாம். தகராறு என்று வரும்போது அவருக்கும் காப்பு அந்தக் கடிதம்தான். சம்பளப் பாக்கி, போனஸ் பாக்கி என்று தொழிலாளி புகார் கொடுத்தால், பணம் கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. மூன்று ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம். பதிவேடு இல்லாதவர் தோற்பார்.

சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்தாண்டுக்குள் அதே தவறைத் திரும்பச் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

வேலை நேரத்தைப் பொறுத்தவரை, பெண்களின் சம்மதத்தோடும், உரிய பாதுகாப்போடும் அவர்களை இரவுப் பணியில் அமர்த்தலாம். ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம்.

முதலாளிகளுக்குச் சாதகமான மாற்றமும் உண்டு. தொழிற்சாலையில் ஆட்குறைப்புக்கோ ஆலை மூடலுக்கோ அரசின் முன் அனுமதி கேட்க வேண்டிய வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்திருக்கிறது. மத்திய தொழிற்சங்கங்கள் 2025 நவம்பர் 26 அன்று தெருவில் இறங்கியதற்கு இதுவும் காரணம். அவர்களின் அச்சம் நியாயமானது என்றே நினைக்கிறேன். நடுத்தர ஆலைத் தொழிலாளிக்கு இருந்த ஒரு கவசம் போய்விட்டது. ஆனால் அனுமதி வேண்டாம் என்பதால் பொறுப்பே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நீக்க ஒரு மாத நோட்டீஸோ அதற்கீடான சம்பளமோ தர வேண்டும். ஒவ்வொரு பணியாண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. அதோடு, மறுபயிற்சி நிதிக்காக இன்னொரு 15 நாள் சம்பளமும் முதலாளி கட்ட வேண்டும்.

தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநில விதிகளும் சேர்ந்தால்தான் படிவம், பதிவேடு போன்ற நுணுக்கங்கள் முழுமையாகும். அதற்காகச் சம்பளக் கணக்கை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. இந்த மாதப் பட்டியலை எடுத்து, யாருடைய படிகள் பாதியைத் தாண்டியிருக்கின்றன, யாரிடம் நியமனக் கடிதம் இல்லை என்ற இரண்டை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.