கடைக்குள் ஓர் உலகம்: வீடியோ கேம் சொல்லித்தரும் வியாபாரம்

புதுக்கடையிலும் புறக்கோட்டையிலும் கடை நடத்தும் நம்மில் பலருக்கு வீடியோ கேம் என்றாலே பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் சாமான் என்றுதான் எண்ணம். ஆனால் உள்ளே வந்தவரை எழும்பிப் போக மனமில்லாமல் வைத்திருப்பது எப்படி என்பதை அத்துறையினர் நன்கு கற்று வைத்திருக்கிறார்கள். வியாபாரிகளான நமது கவலையும் அதுதானே!

கனடாவின் டொரொன்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களில் அங்கு குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் கதை இது. துப்பாக்கியும் இல்லை, சண்டையும் இல்லை. தாயின் பழுதடைந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி, புட்டு, புரியாணி சமைக்க வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஆயினும் 2024இல் பிரித்தானியாவின் பாப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தெரிவானது.

இதன் இரகசியம் என்ன? முதலாவது, சத்தம். வானொலிப் பாட்டும் தாளிக்கும் ஓசையும் நம்மை அந்தச் சமையலறைக்கே கொண்டுபோய் விடுகின்றன. இரண்டாவது, பொருத்தம். பாத்திரம், உடுப்பு, பேச்சு எல்லாம் அந்த வீட்டுக்கே உரியவை. மூன்றாவது, நமது கைக்கும் அங்கே வேலை உண்டு. குறிப்பேட்டில் அழிந்துபோன வரியை நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

பணம் குறைவே என்று கவலைப்படுவோருக்கு இன்னொரு உதாரணம். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1999இல் ‘சைலண்ட் ஹில்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. அன்றைய பிளேஸ்டேஷன் இயந்திரத்தால் தூரக் காட்சிகளைச் சரிவரக் காட்ட முடியவில்லை. அந்தக் குறையை மறைக்கப் பனிமூட்டத்தைப் பயன்படுத்தினார்கள். அந்த மூட்டமே விளையாடுவோரின் நெஞ்சைப் படபடக்க வைத்தது. குறையே முதலாகிவிட்டது!

சுப்பர் மார்க்கெட்டோடும் ஒன்லைன் விற்பனையோடும் விலையில் மட்டும் போட்டியிட்டால் சிறு வியாபாரி தாக்குப்பிடிப்பது கஷ்டம். ஏலம், கறுவா வாசனை, துணியைத் தொட்டுப் பார்க்கும் சுகம், பெயர் சொல்லி வரவேற்கும் முதலாளி இவையெல்லாம் தொலைபேசித் திரையில் கிடைக்காதவை. ஆனால் வாடிக்கையாளர் கேள்வி கேட்கும்போது பணியாளர் தலைநிமிராமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அத்தனையும் ஒரு நொடியில் கலைந்துவிடும். சரக்கு தரமில்லாவிட்டால் எந்த அலங்காரமும் நிற்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாளை காலை கடை திறந்ததும், வாடிக்கையாளரைப் போல வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். என்ன கேட்கிறது, என்ன மணக்கிறது, யார் உங்களை நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். திருத்த வேண்டியது எதுவென்று அங்கேயே தெரிந்துவிடும்.