நடத்தைப் பகுப்பாய்வுவழி ஆட்டிசக் குழந்தைகளுக்கான கல்வி: காரியாபட்டிச் சூழலை முன்வைத்து

திறவுச்சொற்கள்: ஆட்டிசம், சிறப்புக் கல்வி, நடத்தைப் பகுப்பாய்வு, வலுவூட்டல், தொடர்பாடல்

முன்னுரை

ஆட்டிசம் (மதியிறுக்கம்) என்பது சமூகத் தொடர்பாடலில் வேறுபாடும், திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களும், புலனுணர்வு மாறுபாடும் கொண்ட நரம்பு வளர்ச்சி நிலையாகும். அது பெற்றோரின் வளர்ப்புக் குறையால் வருவதன்று. இக்குழந்தைகளின் கல்வியில் பரவலாகக் கையாளப்படும் முறைகளுள் ஒன்று பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு. விருதுநகர் மாவட்டத்தின் காரியாபட்டி போன்ற, சிற்றூர்கள் சூழ்ந்த வட்டம் இம்முறையிலிருந்து கொள்ளத்தக்கது எது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றமும் திறனாய்வும்

பின்விளைவே நடத்தையை வலுப்படுத்துகிறது என்னும் ஸ்கின்னரின் கருத்து இம்முறைக்கு அடிப்படை. 1968இல் பேயர், உல்ஃப், ரிஸ்லி ஆகியோர் இதன் இயல்புகளை வரையறுத்தனர். லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்திற்கு ஏறத்தாழ 40 மணிநேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளுள் 9 பேர் இயல்பான கல்வி, அறிவுத்திறன் நிலையை எட்டியதாகக் கூறப்பட்டது. எனினும், குழந்தைகள் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கப்படவில்லை. தண்டனையும் ஓரளவு கையாளப்பட்டது. கண்ணோக்கை வற்புறுத்துவதும், கையசைத்தல் போன்ற தீங்கற்ற செயல்களை அடக்குவதும் தம்மை வருத்தின என ஆட்டிசமுடைய பெரியோர் பலர் பின்னர் எடுத்துரைத்தனர். ஆகவே, எதைக் கற்பிப்பது என்னும் வினா, எவ்வாறு கற்பிப்பது என்பதற்கு முந்தியதாகிறது.

நடத்தையின் நோக்கம்

1982இல் இவாட்டா குழுவினரும், 1985இல் கார், டியூரண்ட் ஆகியோரும் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வினாவிற்கு வழிகாட்டின. சிக்கலான நடத்தைக்கும் ஒரு நோக்கம் உண்டு. அந்நோக்கத்தை நிறைவேற்றும் வேறொரு தொடர்பாடலைக் கற்பித்தால் அந்நடத்தை குறையும் என்பது இவற்றின் சாரம்.

எடுத்துக்காட்டாக, வேட்டுச் சத்தம் கேட்டதும் ஒரு குழந்தை பலகையைத் தள்ளிவிட்டு ஓடுவதாகக் கொள்வோம். ஆசிரியர் முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு என மூன்று பத்திகளில் சில நாள்கள் குறித்துவந்தால், சத்தத்திலிருந்து விலகுவதே நோக்கம் எனப் புலப்படும். கண்டித்து வெளியே அனுப்பினால், தள்ளிவிடுவதே வெளியேறும் வழி எனக் குழந்தை கற்கும். மாறாக, ‘போதும்’ என்னும் சொல்லையோ பட அட்டையையோ கற்பித்து, அதைக் காட்டியவுடன் அமைதியான இடத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆசிரியரின் தூண்டலைப் படிப்படியாகக் குறைத்தால், குழந்தை தானே கேட்கப் பழகும்.

காரியாபட்டிச் சூழல்

வல்லுநரை அமர்த்தி வாரம் 40 மணிநேரம் பயிற்சியளிப்பது கூலி வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு இயலாதது. ஆனால் மேற்கண்ட மூன்று பத்திக் குறிப்பிற்கு ஒரு நோட்டும், பயிற்சி பெற்ற ஆசிரியரின் வழிகாட்டலும் போதும். எழுத்தறியாத பெற்றோரும் நடத்தை நிகழுந்தோறும் ஒரு கோடு இட்டு எண்ணிக்கையைப் பதியலாம். கற்பிக்கும் சொல் வீட்டுப் பேச்சில் அமைதல் வேண்டும்; ‘வேண்டும்’ என்பதினும் ‘வேணும்’ என்பதே கடையிலும் பேருந்திலும் குழந்தைக்குப் பயன்படும். வகுப்பறையில் கற்றது வெளியிடத்திலும் நிகழ்ந்தாலன்றிக் கற்றல் முழுமையுறாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016), 31ஆம் பிரிவில், வரையறுக்கப்பட்ட அளவு குறைபாடுடைய குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உறுதிசெய்கிறது. மொழி விரைந்து வளரும் பருவமோ அதற்கு முந்தையது. எனவே அங்கன்வாடிப் பணியாளருக்கும் இந்நோக்கறி முறையில் பயிற்சி தேவைப்படுகிறது.

முடிவுரை

நடத்தைப் பகுப்பாய்விலிருந்து சிற்றூர்ப் பள்ளி கொள்ளத்தக்கது, நோக்கமறிந்து கற்பித்தலும் பதிவு செய்தலுமே ஆகும். அசையாது அமர்ந்திருத்தல் கல்வியின் அளவுகோலன்று. தனக்கு வேண்டியதையும் வேண்டாததையும் பிறர் அறியுமாறு குழந்தை தெரிவிப்பதே அளவுகோல்.