கடல் கடந்த தாளம்

வரலாறு பாடத்துக்காக அத்திலாந்திக் அடிமை வியாபாரத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். “அந்தச் சனம் கப்பலில் எதைக் கொண்டு போயிருக்கும்?” என்று உம்மா கேட்டார். “கையில் விலங்கு மட்டும்தான்” என்றேன். அது முழுச் சரியான பதில் அல்ல என்று பிறகுதான் விளங்கியது.

யொரூபா மக்கள் இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கிலும் பெனினிலும் வாழ்பவர்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓயோ பேரரசு சரிந்து போர்கள் மூண்டபோது, சிறைபிடிக்கப்பட்ட பலர் பிரேசிலின் பாஹியாவுக்கு விற்கப்பட்டனர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். 1835 ஜனவரியில், றமழான் மாதத்தில், சல்வடோர் நகரில் அவர்கள் எழுப்பிய கிளர்ச்சிக்கு ‘மலே கிளர்ச்சி’ என்று பெயர். ‘இமாலே’ என்றால் யொரூபா மொழியில் முஸ்லிம். ஏனையோரின் பழைய வழிபாடு, வேறு ஆபிரிக்க மக்களின் வழக்கங்களோடும் கலந்து, ‘கண்டொம்பிளே’ என்ற சமயமாயிற்று. அந்த நம்பிக்கை நம்முடையதல்ல; அதைப் பற்றிப் பேசவும் நான் வரவில்லை. என்னை வியக்க வைத்தது அதன் இசை.

அங்கே மூன்று மேளங்கள் ஒலிக்கும். பொதுப்பெயர் ‘அதபாக்கே’, அரபியிலிருந்து போர்த்துக்கேய மொழிக்குப் போன சொல். பெரியது றும், அடுத்தது றும்பி, சிறியது லே. ‘அகோகோ’ என்ற இரும்பு மணி மாறாத ஒரு தட்டலைத் தொடர்ந்து ஒலிக்க, எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டே வாசிப்பார்கள். சிறிய மேளங்கள் இரண்டும் ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும். பெரியதுதான் பேசும், ஆடுபவரின் அடுத்த அசைவைச் சொல்வது அதுவே. யொரூபா நாட்டிலும் முன்னின்று நடத்தும் மேளத்துக்கு ‘இயாலு’, அதாவது தாய் மேளம், என்று பெயர். யொரூபாவில் ஒரே சொல்லை ஏற்றியோ இறக்கியோ உச்சரித்தால் பொருள் மாறிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தை மேளத்தில் எழுப்பி வாக்கியமே பேசுவார்கள். பிரேசிலில் அந்தப் பேச்சைக் கேட்பவை ஆடும் கால்கள்.

பாடல்களும் யொரூபாவிலேயே உள்ளன. வீட்டில் போர்த்துக்கேயம் பேசும் பாடகர் பலருக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் தெரியாது. காதால் கேட்டு, வாயால் வந்தவை. நாமும் சிறுவயதில் ஓதப் பழகியபோது, பொருள் விளங்குமுன்பே ஓசைதானே நாவில் பதிந்தது!

மேளம் அடிப்பது மரபாக ஆண்களின் வேலை. ஆனால் சல்வடோரின் பழம்பெரும் வழிபாட்டு இல்லங்கள் பலவற்றுக்குத் தலைமை தாங்கியோர் பெண்கள். (இதை வாசித்தபோது எனக்குச் சற்றுப் பெருமிதம்தான்.) காவலும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. பொலிஸார் இல்லங்களுக்குள் புகுந்து மேளங்களைப் பறித்துச் சென்ற காலமும் உண்டு. 1976 வரை பாஹியாவில் சடங்கு நடத்தப் பொலிஸ் அனுமதி தேவைப்பட்டது.

அப்படிக் காக்கப்பட்ட தாளங்களில் ஒன்று ‘இஜெஷா’. நைஜீரியாவின் இலேஷா நகரைச் சூழ வாழும் இஜேஷா மக்களின் பெயர்தான் அது. குச்சியில்லாமல் வெறுங்கையால் அடிப்பார்கள். ஓட்டமில்லாத, நிதானமான நடை. 1949இல் சல்வடோர் துறைமுகத் தொழிலாளர்கள் ஒரு கார்னிவல் குழுவைத் தொடங்கி, அதற்கு முந்திய ஆண்டு கொல்லப்பட்ட காந்தியின் பெயரை வைத்தார்கள். இன்றும் வெள்ளையுடுத்தி, தலைப்பாகை கட்டி, ஆயிரக்கணக்கானோர் அந்தக் குழுவில் தெருவில் நடக்கிறார்கள். அவர்களை நடத்திச் செல்வது இஜெஷாத் தாளம்.